பார்த்து இன்னா பண்ணுவே?



திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். "இருபத்தாறு வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன்" என்ற முதல் வரியைப் படித்ததும் எனக்கு லேசாக வியர்த்தது. வருஷக் கணக்கில் ஆரம்பிக்கும் கடிதம் பெரும்பாலும் திட்டில்தான் போய் முடியும். இந்த முறை திட்டு எனக்கில்லை. அவருடைய அக்கா பேத்திக்கு.

அந்தப் பெண் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அங்கே ப்ளஸ் டூ முடித்த கையோடு மருத்துவம் படிக்கப் போவது அபூர்வம். பொதுவாக நாலு வருஷம் வேறொரு பட்டப்படிப்பு முடித்துவிட்டுத்தான் மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போது, ஒரு டாக்டர் கூடவே நின்று அவர் வேலை செய்வதைப் பார்த்த அனுபவம் உண்டா என்றும் பார்ப்பார்களாம். 'ஷேடோயிங்' என்று பெயர். நிழல் மாதிரி பின்னாலேயே போவது. வசதி குறைந்த ஓர் ஊரில் அதைச் செய்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் யோசித்து, பாட்டி ஊரான திண்டிவனத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.

"வசதி குறைந்த ஊர் என்றதும் எங்கள் ஊர்தானா அவளுக்கு ஞாபகம் வந்தது? ஹைவே ரோடு இருக்கிறது, ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, ஜி.எச். இருக்கிறது, ஸ்கேன் சென்டருக்கும் பஞ்சமில்லை. நாங்கள் என்ன காட்சிப் பொருளா? நீங்களே சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார். கீழே ஒரு பின்குறிப்பு: "நேரில் வந்தால் சாப்பாடு உண்டு."

நான் பின்குறிப்புகளை மதிக்கிறவன். போனேன்.

சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. கத்தரிக்காய் காரக்குழம்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சாப்பிட்டு முடித்ததும், "வாங்க, அவ என்ன பண்றான்னு நீங்களே பாருங்க" என்று வாசகி என்னை ஆட்டோவில் ஏற்றினார். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற பக்கம் ஒரு கிராமம். அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டரம்மா ஒருவர் அங்கே பிற்பகலில் மட்டும் நோயாளிகளைப் பார்க்கிறார். கட்டணம் முப்பது ரூபாய். அதை வைக்காமல் எழுந்து போகிறவர்களை அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தன் பெயரைப் போடக்கூடாது என்பது அவர் எனக்கு வைத்த நிபந்தனை. அந்தப் பெண்ணுக்கு வைத்த நிபந்தனைகள் மூன்று: போட்டோ எடுக்கக்கூடாது, வெள்ளைக் கோட்டு போடக்கூடாது, கை இரண்டும் பின்னால் இருக்க வேண்டும்.

அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். சுடிதார், கழுத்தில் ஒன்றும் இல்லை, கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கிற குழந்தை மாதிரி இருந்தது எனக்கு.

ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் டாக்டரம்மா அலுக்காமல் ஒரே வசனத்தைச் சொன்னார். "இந்தப் பொண்ணு டாக்டர் இல்ல. டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசை. கூட நின்னு பாக்கட்டுமா? வேணாம்னா சொல்லு, வெளிய உக்காரச் சொல்றேன்." பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். ஓர் இளம்பெண் மட்டும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு பேசாமல் இருந்தாள். "சரி, நீ போயி பெஞ்சுல உக்காரு கண்ணு" என்றார் டாக்டரம்மா. அமெரிக்கப் பெண் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியத் தேவையுமில்லை.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. பல வருஷங்களுக்கு முன் என் அம்மாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் வேண்டாம். வயிற்றில் கட்டி. காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் பின்னால் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். "தொட்டுப் பாருங்க" என்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தொட்டு அழுத்திப் பார்த்தார்கள். ஒருவர்கூட அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "சந்தையில தேங்காய் தட்டிப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போறாங்கடா." அந்த மாணவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் இரண்டு பேராவது இன்று நல்ல டாக்டராக இருப்பார்கள். அன்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மா தாராளமாகச் சரியென்று சொல்லியிருப்பாள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கிளினிக்குக்கு வருகிறேன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு சர்க்கரை, மீதிப் பேருக்கு பிரஷர், சிலருக்கு இரண்டும். டாக்டரம்மா எல்லோரிடமும் கேட்ட கேள்விகளில் ஒன்று எனக்கு விநோதமாகப் பட்டது. "எந்த பஸ்ஸுல வந்தே?" ஊர் நியாயம் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலாவது ஆளிடம் கேட்டபோதுதான் உறைத்தது.

அவர் ஒரு வயதான அம்மா. கால் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்குகிறது. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 2010-ல் வந்தது. பெயர் விழுப்புரம் மருத்துவக் கல்லூரி என்றாலும் இந்தப் பக்கத்துக்காரர்கள் 'முண்டியம்பாக்கம்' என்றுதான் சொல்வார்கள். எல்லாம் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொண்டால் ஆயிற்று. உரையாடல் இப்படிப் போனது:

"எந்த பஸ்ஸுல வந்தே?"

"ஒன்றரை மணி டவுன் பஸ்ஸு."

"திரும்பிப் போறதுக்கு?"

"நாலேகாலுக்கு."

"காலைல உங்க ஊர்ல மொத பஸ் எத்தினி மணிக்கு?"

"ஏழே முக்கா. மழ பெஞ்சா வராது."

"கூட யாரு வருவா?"

இதற்கு அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. மகன் சென்னையில் கட்டட வேலை. மருமகள் நூறு நாள் வேலைக்குப் போகிறாள்; இப்போதுதான் ஒரு வாரம் வேலை கொடுத்திருக்கிறார்கள். பேத்திக்குப் பரீட்சை.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். மூத்திரம் போவதற்கான மாத்திரையின் அளவை மாற்றினார். அந்த மாத்திரையைக் காலையில் போட்டால் பஸ்ஸில் பாதி வழியில் அவஸ்தை, அதனால் முண்டியம்பாக்கம் போகிற அன்றைக்கு மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். பேத்திக்குப் பரீட்சை முடிகிற தேதியைக் கேட்டு, அதற்கு அடுத்த நாளைச் சீட்டில் எழுதினார். "அதுக்குள்ள மூச்சு ஜாஸ்தி வாங்குச்சுன்னா பஸ்ஸு கிஸ்ஸு பாக்காதே, 108-க்குப் போன் பண்ணு" என்று இரண்டு தரம் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

அமெரிக்கப் பெண் அப்புறம் தன் நோட்டைக் காட்டினாள். முதல் நாள் பக்கம் முழுக்க நோயின் பெயர், மருந்தின் பெயர். அன்றைய பக்கத்தில் பஸ் நேரங்கள்.

சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த அந்த அம்மா அவளைப் பார்த்துக் கேட்டார்: "எந்த ஊரு கண்ணு நீ?"

"அமெரிக்கா, பாட்டி."

"அம்மாந்தூரத்துலேருந்து வந்து சும்மா நிக்கிறியே. பார்த்து இன்னா பண்ணுவே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாசகியைப் பார்த்தேன். வாசகி, நான் கேட்டதும் அதைத்தானே என்பது போல் மோவாயை ஒரு முறை இடித்துக்கொண்டார்.

இந்தக் கேள்வியை யாரும் கேட்காமலே பதில் சொன்ன ஒருத்தியின் கதை அதே திண்டிவனத்தில்தான் நடந்தது. ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தவர்கள் அந்தக் குடும்பப் பெயரையாவது சொல்லிச் சொல்லியே வளர்ந்திருப்பார்கள்.

ஸ்கடர்கள் தலைமுறை தலைமுறையாக நம் பக்கத்தில் இருந்தவர்கள். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் பண்டத்தரிப்புக்கு வந்த டாக்டர். பிள்ளைகள் ஆற்காடு மிஷன் தொடங்கினார்கள். பேத்தி ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தாள். குடும்பமே மிஷன் வேலை என்று கிடந்தபோது, தனக்கு அது வேண்டாம், அமெரிக்காவில் சௌகரியமாக வாழ வேண்டும் என்று நினைத்த பெண் அவள். அங்கே பள்ளிப் படிப்பை முடித்தவள், 1890-களின் தொடக்கத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தாள். கொஞ்ச நாள் இருந்து கவனித்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் உத்தேசம்.

ஒரு ராத்திரி பங்களாக் கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை வரவில்லை, நீ வர வேண்டும் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றாள் ஐடா. அந்நிய ஆண் என் மனைவியைப் பார்ப்பதா என்று அவர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், இஸ்லாமியர். அதே வேண்டுகோள், அதே பதில். பிறகு மூன்றாவதாக ஒருவர், அவரும் அப்படியே. ஒரே ராத்திரி, மூன்று கதவுத் தட்டல். விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் ஐடாவின் தியாகக் கதையாகச் சொல்வார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூருக்கு வந்து அப்பாவின் பங்களாவில் வைத்தியத்தைத் தொடங்கியதும், 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்ததும், 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அது சி.எம்.சி.யாக வளர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே மரத்தடி மரத்தடியாக அவர் நடத்திய ரோட்டோர வைத்தியத்தைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டார்கள்.

எனக்கு அந்த ராத்திரியில் வேறொன்றுதான் உறுத்துகிறது. டாக்டர் இருந்தார்! அதே பங்களாவில், சில அடி தூரத்தில். அமெரிக்காவில் படித்த டாக்டர். மருந்தும் ஆயுதமும் இருந்தன. கூப்பிட வந்தவர்களுக்கு மனைவி மேல் அக்கறை இல்லாமலா நடு ராத்திரியில் கதவைத் தட்டினார்கள்? எல்லாம் இருந்தும் நடுவில் ஒரு படி இல்லை, அந்தப் படி ஒரு பெண் டாக்டர். இதை வாஷிங்டனிலோ லண்டனிலோ உட்கார்ந்துகொண்டு, எந்த ஊரில் எத்தனை டாக்டர், எத்தனை கட்டில் என்று கணக்குப் பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்குமா? திண்டிவனத்தில் டாக்டர் உண்டு என்று டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார். கதவுக்கு உள்பக்கம் ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்ற பெண்ணுக்குத்தான் அது தெரிந்தது.

வசதி குறைவு என்று இன்று சொல்கிறோமே, அது அநேகமாக இப்படித்தான் இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் எக்கோ மெஷின் இருக்கிறது. நடுவில் ஏழே முக்கால் பஸ்ஸும், கூட வர ஓர் ஆளும், போகிற ஒரு நாள் கூலியும் இருக்கின்றன. பிரசவ விஷயத்தில் நாம் அந்த ராத்திரியிலிருந்து எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. கிராமத்துக் கிராமம் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்த நர்சம்மாக்களையும், ராத்திரியிலும் ஆள் இருக்கும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்டாஃப் நர்ஸ் போட்டதையும், 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸையும் விட்டுவிட்டு அந்த எண்ணைப் பற்றிப் பேச முடியாது. ஒவ்வொன்றும் நடுவில் காணாமல் போயிருந்த ஒரு படி.

ஆனால் இதய நோய்க்கும் சர்க்கரைக்கும் கர்ப்பம் மாதிரிப் பத்து மாதக் கணக்கு கிடையாது. அவை முடிவதேயில்லை. ஆயுசு முழுக்க மாதா மாதம் பஸ் ஏற வேண்டும். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்களே, அதை யோசித்தவர் யாராக இருந்தாலும் எங்கேயோ ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

அன்று கிளினிக்கிலிருந்து கிளம்பும் முன் டீ குடித்துக்கொண்டே அந்தப் பெண்ணுக்கு இன்னொரு கதை சொன்னேன். திண்டிவனத்துக்கு ரயிலில் வரும்போது செங்கல்பட்டைத் தாண்டியிருந்தேன், அதனால் நினைவுக்கு வந்தது. பால் பிராண்ட் என்று ஓர் ஆங்கிலேய எலும்பு சர்ஜன். பிறந்தது நம் கொல்லிமலையில், படித்தது லண்டனில். 1946-ல் வேலூருக்கு வேலைக்கு வந்தார். மறு வருஷம் செங்கல்பட்டு திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போனார். அழைத்துப் போனவர் ராபர்ட் காக்ரேன் என்ற தோல் டாக்டர். அந்தத் துறையில் பெரிய கை. அவர் தேமலையும் தடிப்பையும் காட்டிக்கொண்டே போக, பின்னால் போன பிராண்டின் கண்ணெல்லாம் மடங்கிப்போன விரல்கள் மீதே இருந்தது. இந்தக் கைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எலும்பு டாக்டர் நீங்கள்தான் சொல்ல வேண்டும், இதுவரை உங்கள் ஆட்கள் யாரும் வந்து பார்த்ததில்லை என்றார் காக்ரேன். அங்கே செருப்பைக் கழற்ற முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம், என் கையைப் பிடித்து அழுத்து என்று கை நீட்டினார் பிராண்ட். செத்த கை என்று எல்லோரும் நினைத்த அந்தக் கை, கத்துகிற அளவுக்கு வலிக்கும்படி அழுத்தியது.

தசையில் பலம் இருக்கிறது. சில நரம்புகள்தான் போயிருக்கின்றன. பலமுள்ள தசையின் தசைநாரை எடுத்து, வேலை செய்யாத விரலுக்குக் கட்டினால் என்ன? அங்கிருந்துதான் தொழுநோயாளிகளின் கைகளை மீட்கும் அறுவை சிகிச்சை வேலூரில் பிறந்தது. பிறகு உலகம் முழுவதிலிருந்தும் சர்ஜன்கள் அதைக் கற்க வேலூருக்கு வந்தார்கள். வலி தெரியாத பாதத்தில் ஏன் புண் ஆறுவதில்லை என்று அவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து, மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்தார்கள். விழுப்புரம் கடைத்தெருவில் போய் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். மைக்ரோ செல்லுலார் ரப்பர். இன்று அதை வாங்குகிறவர்களில் அநேகம் பேர் சர்க்கரை நோயாளிகள். வாசகியும் அன்று அதைத்தான் போட்டிருந்தார். "இதுக்குள்ள இவ்ளோ கதையா?" என்று காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

வந்து பார்த்தவர்கள் கற்றுக்கொண்டு போனது இது ஒன்று மட்டுமில்லை. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இல்லாமல் குணமாகாது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அத்தனை கட்டிலுக்குச் சென்னையில் வழியில்லை. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமையில், பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலும் அதே அளவுக்குக் குணமாகிறது. வீட்டிலிருப்பவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவுவதும் இல்லை. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்களுக்குப் பூட்டுப் போட ஆரம்பித்தார்கள். பாடம் நடத்தியது நம் சென்னைக் குடிசை.

இதற்கெல்லாம் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துப் போவது இன்று ஒரு தொழில். உள்ளூரில் ஊசி போடவே விடமாட்டார்கள். அங்கே போனால் தையல் போடலாம், பிரசவம் பார்க்கலாம் என்கிற ஆசையில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கை பழகுவது யார் உடம்பில்? இந்தக் கேள்வி அமெரிக்காவிலேயே எழுந்து, அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011-ல் நெறிமுறையே வெளியிட்டது. சொந்த ஊரில் உன்னைச் செய்ய விடாத எதையும் வெளிநாட்டிலும் செய்யாதே என்பது அதன் சாரம். டாக்டரம்மாவுக்கு அந்தக் காகிதத்தைப் பற்றித் தெரியாது. கையைப் பின்னால் கட்டச் சொன்னதோடு முடித்துக்கொண்டார்.

நோட்டில் ஒரு பக்கத்தில் அந்தப் பெண் இரண்டு பானைகளை வரைந்திருந்தாள். ஒன்றுக்குள் ஒன்று. என்ன என்று கேட்டேன். 2024-ல் ஃபெஞ்சல் புயல் அடித்ததே, நினைவிருக்கிறதா? புதுச்சேரி பக்கம் கரையேறிய புயல், ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல நாள் கரண்ட் இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் ஃப்ரிட்ஜ் இல்லாமல் என்ன செய்வது என்று தவித்தபோது, டாக்டரம்மா வீடு வீடாக இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெரிய மண்பானையில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் சின்ன மண்பானை, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய மருந்து. மேலே ஈரத்துணி, வெயில் படாத மூலை. தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே வெளியைவிடச் சூடு குறைவாக இருக்கும். ஃப்ரிட்ஜுக்கு ஈடாகாது, ஆனால் மருந்து கெட்டுப்போகாமல் சமாளிக்கலாம். "இது எங்க ப்ரொபசருக்குத் தெரியுமான்னு கேட்கணும்" என்றாள் அந்தப் பெண். "இதுல என்னடி அதிசயம், ஃப்ரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி வெண்ணெய் எங்க இருந்துச்சாம்?" என்றார் அவள் பாட்டியின் தங்கை, அதாவது நம் வாசகி.

வாசகிக்கு நான் கடன்பட்ட பதில் ஒன்று பாக்கியிருக்கிறது. அம்மா, உங்கள் ஊர் மட்டமில்லை. உங்கள் ஊரில் படிக்க விஷயம் இருக்கிறது, அதனால்தான் வந்திருக்கிறாள். அவள் பார்க்க வந்ததில் எனக்குத் தப்பு தெரியவில்லை. கிளினிக்குக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வருகிற அம்மாவின் மகள், அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறாள் என்று டாக்டரம்மா சொன்னார். ஏழே முக்கால் பஸ்ஸைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷம் அந்த பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனாள். அடுத்த லீவில் இந்த இரண்டு பெண்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள். யார் யாருக்கு நிழல் என்று அவர்களே பேசி முடிவுசெய்துகொள்ளட்டும். என்னையும் கூப்பிட்டால் வருகிறேன். குழம்பு எதுவாக இருந்தாலும் சரி.

இந்த இதழில் உள்ளே போவதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் டாக்டரோ நர்சம்மாவோ வியாதிக்குச் சம்பந்தமில்லாதது போல் ஒரு கேள்வி கேட்டு, பிறகுதான் அதன் அர்த்தம் உங்களுக்குப் புரிந்தது என்று ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். ஆஸ்பத்திரிப் பெயரும் டாக்டர் பெயரும் வேண்டாம், கேள்வி போதும். வருகிற இதழ்களில் போடலாம்.

நாங்கள் கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது நாலரை மணி. எக்கோ எடுக்க வேண்டிய அந்த அம்மா இன்னும் பஸ் ஸ்டாப் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். நாலேகால் பஸ் வரவில்லை. நடுவில் ஒரு தனியார் பஸ் நின்று போனது. அதில் டிக்கெட் எடுக்க வேண்டும், அரசு டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு இலவசம், அதனால் விட்டுவிட்டார். ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறோம் என்றோம். "எதுக்கு செலவு, வந்துரும்" என்று மறுத்துவிட்டார். அமெரிக்கப் பெண் ஆட்டோவில் ஏறவில்லை. "நீங்க போங்க, நான் பாட்டியோட இருந்துட்டு வரேன்" என்று திண்ணையில் போய் உட்கார்ந்தாள். ராத்திரி வாசகியிடமிருந்து போன் வந்தது. பஸ் ஐந்து அம்பதுக்குத்தான் வந்ததாம்.

அன்புடன்,
ஆசிரியர்